தராசில் ஒரு பெட்டி

இருபத்தாறு வருடமாக
விடியுமுன் நாலரைக்கு ஒரு குரல்:
"நெத்திலி நாற்பது கிலோ. நாக்குமீன் பன்னிரண்டு.
கணவாய் இன்றைக்கு வேண்டாம், கண் கலங்கிக் கிடக்கிறது."
எங்கார்னா.
காதிஸ் துறைமுகத்து ஏலக்கூடத்தில் அவள்,
தெருவெல் மலைச் சந்தையில் நான்.
நடுவே ஸ்பெயின் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும்.

முகம் பார்த்ததில்லை.
அவள் இருமுவதை வைத்து
என்ன மாதம் என்று சொல்வேன்.

மே மாதம் ஓய்வு பெற்றாள்.
இப்போதும் நாலரைக்கே கூப்பிடுகிறாள்,
மீனுக்குப் பதில்
என் பெட்டியை ஏலம் போட.

"குடையா? வெளியே எடு.
லெவாந்தே காற்று கிளம்பினால்
உன் குடை போர்ச்சுகல் பார்க்கும், நீ பார்க்கமாட்டாய்.
துணி மாட்டும் கிளிப் ஒரு டஜன் கொண்டுவா,
துண்டை நாற்காலியோடு சேர்த்துக் கவ்வ,
திரையைக் கம்பியோடு கவ்வ,
பாவாடையை உன்னோடு கவ்வ.
தொப்பிக்குத் தாடையில் கட்டும் கயிறு இருக்கிறதா?
இல்லையென்றால் அது தொப்பியே இல்லை.
செருப்பு இரண்டு சோடி.
ஒன்று நனையட்டும், ஒன்று காயட்டும்.
பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றிப் படுக்கவைத்து உறையவை,
காலையில் மீதியை ஊற்று, ரயிலில் சில்லென்று வரும்.
கம்பளிச் சால்வை எடுத்தாயோ, ஸ்டேஷனிலேயே திருப்பி அனுப்புவேன்.
பன்றித்தொடை வேண்டவே வேண்டாம்,
இந்த வெயிலில் அது உன்னைவிட அதிகமாக வியர்க்கும்."

ஃபெர்மின் புரண்டு படுத்தான்.
"நாலு நாளைக்கா இத்தனை?"
அவன் வரவில்லை. கடைக்கு ஆள் வேண்டும்.
அவனுக்கும் ஒரு பட்டியல் எழுதி
ஐஸ் இயந்திரத்தில் ஒட்டியிருக்கிறேன்.
என்னுடையதைவிட நீளம்.

மகள் ஐனோவா நீச்சலுடை வாங்கி வந்தாள்,
பாசிப் பச்சை.
கடை ஏப்ரனை மேலே கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன்.
அப்புறம் ஏப்ரனை அவிழ்த்துவிட்டுப் பார்த்தேன்.
அப்புறம் விளக்கை அணைத்தேன்.

நீச்சல் தெரியாது.
இடுப்பளவு போதும்.
அந்தக் கடலின் பிள்ளைகளை
இத்தனை ஆயிரம் வயிறு கிழித்துவிட்டு
கழுத்தளவு இறங்கக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

"எங்கார்னா, கைகளுக்கு என்ன எடுக்க?"

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக
அவள் பதில் சொல்ல நேரமானது.
ஐஸில் ஊறி ஊறிச் சிவந்த கைகள் இவை.
ஆகஸ்டிலும் குளிர்காலத்தில் இருக்கும் கைகள்.
வெயில் இவற்றை என்ன செய்யுமோ?

"ஐம்பது என்று போட்ட கிரீம் வாங்கு," என்றாள்.
"புறங்கையில் கெட்டியாகப் பூசு. காதுமடலில். தலை வகிட்டில்.
வகிட்டை எல்லோரும் மறந்துவிடுவார்கள்."
கொஞ்சம் பொறுத்து,
"எனக்கும் அப்படித்தான், கை," என்றாள்.

பிறகு வழக்கம்போல் விரட்டினாள்:
ரெண்டு மணியிலிருந்து ஆறு வரை
தெருவில் தலை காட்டக் கூடாதாம்,
நாயும் சுற்றுலாக்காரர்களும்தான் அலைவார்களாம்.
"உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றேன்.
"கையில் விசிறியோடு நிற்பேன்."

ஆகஸ்டில், காதிஸ் ஸ்டேஷனில்,
விசிறி இல்லாத பெண் எவள்?
கேட்கவில்லை. பேசினால் தெரிந்துவிடும்.

இன்று இரவு கடையைச் சாத்தியபின்
பெட்டியை மீன் தராசில் தூக்கி வைத்தேன்.
பதினொரு கிலோ நானூறு.
ஒரு நடுத்தரச் சூரை.
அதில் இரண்டு கிலோ பன்றித்தொடை,
கம்பளிச் சால்வையில் சுற்றி
கிளிப்புகளுக்கு அடியில்.

தராசு அதன் வழக்கப்படி
சிவப்பு எழுத்தில் மினுக்கி மினுக்கிக் கேட்டது:
கிலோ என்ன விலை?

பழக்கத்தில் விரல் பொத்தானுக்குப் போனது.
அங்கேயே நின்றது.
உள்ளே ஃபெர்மின் கத்தினான்,
ஐஸை எத்தனை மணிக்குத் தட்டவேண்டும் என்று.
ஒட்டியிருக்கிறதே, படி, என்றேன்.